எழுதாமல் விட்ட வரி

ஒரு மாணவர் எழுதிய பத்தி இது:

"நூலகத்தை இரவு 9 மணிவரை திறந்துவைக்க வேண்டும். இப்போது அது மாலை 5 மணிக்கே மூடப்படுகிறது. எங்களில் பெரும்பாலோருக்கு வகுப்பு முடிய 4:30 ஆகிவிடுகிறது. அறிவே வாழ்வின் ஒளி என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்."

கட்டுரைகளைப் படித்துத் திருத்துவது என் அன்றாட வேலை. இதுபோன்ற பத்திகள் நிறைய வரும். எழுத்துப் பிழை இருக்காது, சொல்லவந்தது நியாயமாகவே படும். ஆனாலும் மனம் முழுதாக ஒப்பாது. எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரியாமல், "இன்னும் ஆழமாக எழுதியிருக்கலாம்" என்று பொத்தாம்பொதுவாகக் குறித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். எழுதியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உடம்பைப் போலவே வாதத்துக்கும் உறுப்புகள் உண்டு. எந்த உறுப்பு குறைகிறது என்று தொட்டுக் காட்டினால்தான் அவரால் சரிசெய்ய முடியும்.

அந்த நான்கு வாக்கியங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். முதலாவது, அவர் நம்மை ஏற்கச் சொல்லும் கூற்று. ஒரு வாக்கியம் கூற்றா என்று அறிய எளிய வழி, "இல்லை" என்று சொல்லக்கூடிய நல்ல மனிதர் ஒருவராவது இருப்பாரா என்று கேட்பது. நூலகத்தை நடத்துபவர் இங்கே "இல்லை" என்று சொல்லக்கூடும். ஆகவே இது கூற்றுதான். இரண்டாவதும் மூன்றாவதும் செய்திகள். கடிகாரத்தையும் வகுப்பு அட்டவணையையும் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். நான்காவது வாக்கியம் எந்த வேலையும் செய்யவில்லை. யாரும் மறுக்க மாட்டார்கள் என்று அவரே சொல்லிவிட்டார். யாரும் மறுக்காத ஒன்று நூலகத்தைத் திறப்பதற்கும் பயன்படும், மூடுவதற்கும் பயன்படும். அதை அடித்துவிட்டேன்.

மீதி மூன்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்லுமுன் ஒரு சொல்லின் கதையைச் சொல்ல வேண்டும்.

இன்று 'மேற்கோள்' என்றால் பிறர் சொன்னதை எடுத்தாள்வது என்று பொருள் கொள்கிறோம். பழைய தருக்க நூல்களில் மேற்கோள் என்பது ஒருவர் நிறுவுவதற்காக மேற்கொண்ட கருத்து, அதாவது அவருடைய சொந்தக் கூற்று. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் 12 சூத்திரங்களே கொண்டது. ஒவ்வொன்றின் பொருளையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற வரிசையில் வைத்து நிறுவிச் செல்கிறது. சொல்ல வந்தது இது, காரணம் இது, நீ கண்டறிந்த ஒன்றைக்கொண்டு விளக்கினால் இப்படி என்று படிப்படியாகப் போகும் முறை அது. 'தன் கருத்து' என்ற பொருளில் இருந்த சொல் 'பிறர் வாக்கு' என்று ஆனதில் எனக்கு உள்ளபடியே ஒரு வருத்தம் உண்டு. கட்டுரை எழுதும் பிள்ளைகள் பலர் பெரியவர்கள் சொன்னதை எடுத்து அடுக்கிவிட்டு, தாம் வாதிட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். எடுத்தாளப்பட்ட வாக்கு சான்றாக நிற்கலாம். எழுதுபவர் மேற்கொண்ட கருத்தின் இடத்தில் அது நிற்க முடியாது.

இந்த உறுப்புகளை இன்னும் விரிவாகக் காட்டும் இடம் மணிமேகலையின் 29-ஆம் காதை. காஞ்சியில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கத்தைக் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்புகள். "இம்மலை நெருப்புடையது" என்பது பக்கம், அதாவது கூற்று. "புகை இருப்பதால்" என்பது ஏது. "அடுக்களை போல" என்பது திட்டாந்தம். "இந்த மலையிலும் புகை இருக்கிறது" என்று பொருத்திக் காட்டுவது உபநயம். "ஆகவே நெருப்பும் இருக்கிறது" என்று முடிப்பது நிகமனம். ஐந்தையும் சொன்ன பிறகு, கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. முக்கியமானவை மூன்றுதான்.

அடுக்களை அங்கே ஏன் வந்தது? பலர் அதை அணிக்காகச் சேர்த்த உவமை என்று கடந்துபோகிறார்கள். உண்மையில் வாதத்தின் முழுப் பாரத்தையும் அதுதான் தாங்குகிறது. மலையில் புகை தெரிகிறது, நெருப்பு தெரியவில்லை. தெரிவதிலிருந்து தெரியாததற்கு எப்படித் தாவுவது? 'புகை உள்ள இடத்தில் எல்லாம் நெருப்பு உண்டு' என்ற பொதுவிதி வேண்டும். அந்த விதியை நாம் கண்ணால் பார்த்த இடம் அடுக்களை. அங்கே புகையும் நெருப்பும் சேர்ந்தே இருந்தன. அதோடு நிற்காமல், நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இருக்காது என்பதற்கு நீரை எடுத்துக்காட்டுகிறார் அடிகள். உண்டு என்பதற்கு ஓர் இடம், இல்லை என்பதற்கு ஓர் இடம்.

மாணவரின் பத்தியில் இல்லாதது இந்தப் பொதுவிதிதான். வகுப்பு 4:30-க்கு முடிகிறது, நூலகம் 5-க்கு மூடுகிறது. சரி, அதனால் என்ன? 'நூலகம் என்பது மாணவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் திறந்திருக்க வேண்டிய இடம்' என்று ஒரு வரி அவர் மனதில் இருந்திருக்கிறது. அதை எழுதவில்லை. 'மாலையில் படிக்க விரும்புகிறவர்கள் போதுமான அளவுக்கு இருக்கிறார்கள்' என்று இன்னொரு வரியும் இருந்திருக்கிறது. அதையும் எழுதவில்லை. அவருக்கு அவை வெளிப்படையாகத் தெரிந்தவை. நூலகத்தை நடத்துபவருக்கோ சந்தேகம் முழுவதும் அந்த இரண்டு வரிகளில்தான்.

20-ஆம் நூற்றாண்டில் இந்த உறுப்புக்குத் தனி இடம் கொடுத்தவர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஸ்டீபன் தூல்மின். 1958-இல் வெளிவந்த நூலில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் மிகச் சாதாரணமானது. ஹாரி பெர்முடாவில் பிறந்தவர், ஆகவே அநேகமாக அவர் பிரிட்டிஷ் குடிமகன். இதில் பிறப்பு என்பது செய்தி, குடியுரிமை என்பது கூற்று. இரண்டையும் இணைப்பது 'பெர்முடாவில் பிறந்தவர் பொதுவாகப் பிரிட்டிஷ் குடிமகனாக இருப்பார்' என்ற விதி. அந்த விதிக்குப் பின்பலமாகச் சட்டங்கள் நிற்கின்றன. 'அநேகமாக' என்ற சொல் உறுதியின் அளவைச் சொல்கிறது. 'பெற்றோர் இருவரும் அயல்நாட்டவராக இருந்தாலன்றி' என்பது விலக்கு. ஒரே வாக்கியம்போலத் தோன்றியது ஆறு உறுப்புகளாகப் பிரிந்துவிட்டது. எல்லாக் கட்டுரையிலும் ஆறையும் தேட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். செய்தியும் கூற்றும் எப்போதும் கண்ணில் படும். இணைப்பு மட்டும் ஒளிந்துகொள்ளும். அதைத் தேடப் பழகினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

அப்படியானால் எல்லா இணைப்புகளையும் எழுதிவிட வேண்டியதுதானா? முடியாது. ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோல் 1895-இல் ஆமைக்கும் கிரேக்கக் கதைகளின் வீரன் அக்கிலீசுக்கும் நடக்கும் ஓர் உரையாடலை எழுதினார். ஆமை இரண்டு உண்மைகளை ஒப்புக்கொள்கிறது, அவற்றிலிருந்து வரும் முடிவை மட்டும் ஏற்க மறுக்கிறது. "இவை உண்மையானால் முடிவும் உண்மை" என்ற விதியையும் எழுதிக்கொள் என்கிறது. அக்கிலீஸ் எழுதுகிறார். "இந்த விதியும் உண்மையானால் முடிவு உண்மை என்பதையும் எழுதிக்கொள்" என்கிறது. இப்படியே குறிப்பேடு நிரம்பிக்கொண்டு போகிறது, முடிவு மட்டும் வருவதே இல்லை. அரிஸ்டாட்டில் இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். டோரியஸ் ஒலிம்பிக் போட்டியில் வென்றவர் என்று சொன்னால் போதும், அந்தப் போட்டியின் பரிசு ஒரு கிரீடம் என்பதைச் சொல்ல வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும் என்பது அவர் தரும் உதாரணம். கேட்பவருக்குத் தெரிந்ததை விட்டுவிடலாம், விட்டால்தான் பேச்சு ஓடும். ஆகவே எழுதுபவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த இணைப்பை என் வாசகர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவரா? தோழர்களுக்கு எழுதும்போது நூலகம் பற்றிய அந்த வரியை விட்டுவிடலாம். நிர்வாகத்துக்கு எழுதும்போது விட முடியாது.

காரணம் என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் இருக்கிறது, அதையும் பிரித்துவிடுவது நல்லது. "மழை பெய்ததால் தரை ஈரமாக இருக்கிறது." "தரை ஈரமாக இருப்பதால் மழை பெய்திருக்க வேண்டும்." இரண்டிலும் 'ஆல்' வருகிறது. முதலாவதில் ஈரம் நாம் பார்த்தது, அது எப்படி வந்தது என்று விளக்குகிறோம். அங்கே வாதம் இல்லை. இரண்டாவதில் மழையை நாம் பார்க்கவில்லை, ஈரத்தை வைத்து அறிகிறோம். அதுதான் வாதம். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் ஏது என்ற அணியைக் காரக ஏது, ஞாபக ஏது என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்றை உண்டாக்கும் காரணம் காரகம், ஒன்றை அறிவிக்கும் காரணம் ஞாபகம். மழை ஈரத்துக்குக் காரகம், ஈரம் மழைக்கு ஞாபகம். கட்டுரையில் 'ஏனெனில்' வரும் இடமெல்லாம் வாதம் என்று எண்ணிக்கொள்பவர்களுக்கு இந்தப் பிரிவை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால், பிறகு மறப்பதில்லை.

உறுப்புகள் எல்லாம் நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஓர் எழுத்தைப் பார்த்தால்தான் இவை ஒன்றோடொன்று எப்படி வேலை செய்கின்றன என்பது தெரியும். எனக்குப் பிடித்தது லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ 1855-இல் காலரா பற்றி எழுதியது.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அழுகியவற்றிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்பது அந்தக் காலத்து மருத்துவர்களில் பெரும்பாலோரின் நம்பிக்கை. ஸ்நோவின் கூற்று வேறு. நோய் குடிநீர் வழியாகப் பரவுகிறது, இந்த முறை பிராட் தெருவில் இருந்த ஓர் அடிகுழாயின் நீர்தான் காரணம் என்றார். இறந்தவர்களின் வீடுகள் அந்தக் குழாயைச் சுற்றியே இருந்தன என்பது அவருடைய முதல் சான்று. அவர் அதோடு நின்றிருந்தால் வாதம் அங்கேயே விழுந்திருக்கும். குழாயைச் சுற்றி வாழ்ந்தவர்கள் எல்லாரும் ஒரே காற்றைத்தானே சுவாசித்தார்கள்? வரைபடத்தில் குவிந்த மரணங்கள் காற்றுக்கும் பொருந்தும், நீருக்கும் பொருந்தும்.

இப்படி வேறு முடிவுக்கும் இடம்கொடுக்கும் ஏதுவுக்கு அறவண அடிகள் ஒரு பெயர் சொல்கிறார்: அநைகாந்திகம். ஏதுப்போலிகள், அதாவது காரணம்போலத் தோன்றிக் காரணமாகாதவை, மூன்றில் அது ஒன்று. காரணமாகக் காட்டியதே நிரூபணம் ஆகாமல் கிடப்பது அசித்தம். காரணம் எதிர்ப்பக்கத்துக்கே துணைபோவது விருத்தம். நல்ல சான்றுகளோடு எழுதும் பலரும் தடுக்கி விழுவது அநைகாந்திகத்தில்தான், ஏனெனில் அங்கே செய்தியில் பிழை இருக்காது.

ஸ்நோ விழவில்லை. காற்றும் நீரும் பிரிந்து நிற்கும் இடங்களைத் தேடிப் போனார். குழாய்க்கு அருகிலேயே ஏழைகளுக்கான விடுதி ஒன்று இருந்தது. அங்கே 535 பேர் தங்கியிருந்தும் காலராவில் இறந்தவர்கள் 5 பேர் மட்டுமே. அந்த விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே பீர் தயாரிக்கும் ஆலை ஒன்றும் இருந்தது. 70-க்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்த அந்த இடத்தில் ஒருவரும் காலராவில் இறக்கவில்லை. அவர்களுக்கு அங்கே பீர் கிடைத்தது, அந்தக் குழாயின் நீரை அவர்கள் நாடவில்லை. இவர்கள் சுவாசித்தது அதே காற்று. நீர் மட்டும் வேறு. மறுபக்கமாக, தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி காலராவில் இறந்திருந்தார். அந்தப் பகுதியில் காலரா இல்லை. அவர் முன்பு பிராட் தெருவில் வாழ்ந்தவர். அந்தக் குழாய் நீரின் சுவை பிடித்துப்போனதால் நாள்தோறும் வண்டியில் அதை வரவழைத்துக் குடித்திருக்கிறார். அவரைப் பார்க்க வந்து அதே நீரைக் குடித்த உறவுப்பெண்ணும் ஊர் திரும்பி இறந்தார். காற்று வேறு, நீர் மட்டும் அதே நீர்.

அடுக்களையும் நீரும் மணிமேகலைக்குக் காட்டப்பட்டதுபோல, உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் இங்கே இடங்கள் வந்துவிட்டன. ஒரு மூதாட்டியின் மரணம் நூற்றுக்கணக்கான மரணங்களைவிட வாதத்தில் கூடுதல் எடை பெற்றதைக் கவனியுங்கள். சான்று எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே, அது எந்த எதிர்க்கருத்தை வெளியேற்றுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஸ்நோவிடம் நான் மிகவும் மதிக்கும் இடம் அடுத்து வருவது. செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் அடங்கியது. கைப்பிடியைக் கழற்றியதால்தான் அடங்கியது என்று அவர் எழுதியிருந்தால் படிப்பவர்கள் நம்பியிருப்பார்கள், அவருடைய வாதத்துக்கும் அது வலுவாக இருந்திருக்கும். அவர் அப்படி எழுதவில்லை. மக்கள் அந்தப் பகுதியைவிட்டு ஓடியதால் நோய் அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது என்று அவரே எழுதிவைத்தார். தன் சான்றின் வரம்பைத் தானே சொன்னது அந்த எழுத்தில் மற்ற எல்லாவற்றின் மீதும் நம்பிக்கையைக் கூட்டுகிறது. ஹென்றி வைட்ஹெட் என்ற அந்தப் பகுதி மதகுரு, ஸ்நோவின் கருத்து தவறு என்று காட்டும் எண்ணத்தோடுதான் வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கினார். விசாரித்து முடித்தபோது ஸ்நோவின் பக்கம் வந்துவிட்டார். அந்தக் குழாயின் அருகே இருந்த வீட்டில் நோயுற்ற குழந்தை ஒன்றின் துணிகளை அலசிய நீர், குழாய்க்கு நீர் தந்த கிணற்றை ஒட்டியிருந்த கழிவுக்குழியில் போனதைக் கண்டறிந்தவரும் அவர்தான்.

எதிர்ப்பவரை வாதத்துக்குள்ளேயே உட்காரவைப்பது நம் உரையாசிரியர்களுக்குக் கைவந்த கலை. இலக்கண உரைகளைப் புரட்டினால் "என்னை?" (ஏன்?), "அற்றேல்" (அப்படியானால்), "அற்றன்று" (அப்படியன்று) என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரு மறுப்பாளரின் குரல் கேட்கும். தடையும் விடையும் என்று அதற்குப் பெயர். காண்டிகை என்னும் சுருக்கமான உரைக்கு வேண்டியவற்றைச் சொல்லும்போது நன்னூல் கருத்து, பதப்பொருள், காட்டு ஆகியவற்றோடு வினா, விடை இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. இன்று பலர் எழுதும் மறுப்புப் பகுதி அப்படி இருப்பதில்லை. "சிலர் இதை எதிர்க்கலாம், ஆனால் அது தவறு" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் 'சிலர்' யார், அவர்கள் சொல்வதில் எது வலுவானது என்பது தெரிவதில்லை. எதிர்ப்பவர் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு "ஆம், நான் நினைப்பது இதைத்தான்" என்று ஒப்புக்கொள்ளும்படி தடையை எழுத வேண்டும். அதன் பிறகு எழுதும் விடைக்குத்தான் மதிப்பு.

எதிர்ப்பின் ஒரு பகுதி சரியாகவும் இருக்கலாம். அப்போது அதை ஒப்புக்கொண்டு, கூற்றைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ள வேண்டியதுதான். தமிழ் வினைமுற்றுகள் இதற்கு எவ்வளவு நுட்பமாக உதவுகின்றன என்பதை நாம் கவனிப்பதே இல்லை. 'குறையும்', 'குறையலாம்', 'குறையக்கூடும்', 'குறைந்திருக்க வேண்டும்' என்று உறுதியின் ஒவ்வொரு படிக்கும் ஒரு வடிவம் இருக்கிறது. ஆனால் கட்டுரைகளில் எங்கு பார்த்தாலும் 'வேண்டும்' மட்டுமே நிற்கிறது. அதுவும் இரட்டைப் பொருள் கொண்டது. 'மழை பெய்திருக்க வேண்டும்' என்பது ஊகம், 'நூலகத்தைத் திறக்க வேண்டும்' என்பது கோரிக்கை. ஊகத்துக்குச் செய்தி போதும். கோரிக்கைக்குச் செய்தியோடு, எது நல்லது என்ற மதிப்பீடும் வேண்டும். 'தானே' என்ற ஒட்டையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். "இது எல்லாரும் அறிந்ததுதானே" என்று ஒருவர் எழுதினால், நிறுவ வேண்டிய இணைப்பை அந்த இடத்தில் நிறுவாமலே கடந்துவிட்டார் என்று பெரும்பாலும் பொருள். கையெழுத்துப் பிரதியில் 'தானே' வரும் இடங்களை வட்டமிட்டுப் பாருங்கள்.

உணர்ச்சி, எழுதுபவரின் நன்மதிப்பு ஆகியவையும் வாசகரை நகர்த்தும் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே சொல்லிவருகிறார்கள். உண்மைதான். ஆனால் அவை கூற்றைக் கேட்கவைக்கும், நிறுவித் தரா. அதற்குமேல் அவற்றைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியதில்லை.

மாணவரின் பத்திக்குத் திரும்புவோம். வகுப்பு 4:30-க்கு முடிகிறது என்ற செய்தி, 5 மணி போதாது என்பதற்குத்தான் துணை நிற்கிறது. 6 மணிக்கும் அது பொருந்தும், 7 மணிக்கும் பொருந்தும். 9 மணிதான் வேண்டும் என்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. அறவண அடிகள் சொன்ன அநைகாந்திகம் இங்கேயும் இருக்கிறது. இதைச் சொன்னபோது மாணவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "9 மணி என்று ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை" என்றார். நூலகத்தை நடத்துபவர் என்ன சொல்வார் என்று கேட்டேன். ஆள் போதாது என்பார், மாலையில் யாரும் வர மாட்டார்கள் என்பார் என்றார். இரண்டு நாள் கழித்து அவர் கொண்டுவந்த பத்தி இது:

"நூலகத்தை ஒரு பருவத்துக்கு மட்டும் மாலை 7 மணிவரை திறந்துவைத்துப் பார்க்கலாம். எங்கள் வகுப்பில் 40 பேரில் 31 பேருக்கு 4:30-க்கு முன்பு ஓய்வு நேரமே இல்லை. நூலகம் 5 மணிக்கு மூடிவிடுகிறது. புத்தகங்களை வாங்கியது மாணவர்களுக்காக என்றால், மாணவர்கள் வரக்கூடிய நேரத்தில் அவை எட்டும்படி இருக்க வேண்டும். மாலையில் யாரும் வர மாட்டார்கள் என்று சொல்லப்படலாம். அப்படியும் நடக்கக்கூடும். நாள்தோறும் வருகிறவர்களை எண்ணிக் குறித்துவைப்போம். பருவ முடிவில் எண்ணிக்கை குறைவாக இருந்தால் பழைய நேரத்துக்கே திரும்பிவிடலாம். கூடுதல் ஆள் தேவைப்படும் என்பது உண்மை. அதற்கு எங்களிடம் இன்னும் விடை இல்லை."

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.